கைச்சக்கரத்துக்கு ஒரு மஞ்சள் திரை

இப்போது வரும் இயந்திரங்களின் திரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் எழுத்து. எது பொத்தான், எது அலங்காரம் என்று தெரியாது. நிறுத்துகிற பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கட்டர் மேசையைத் துளைத்திருக்கும். கேட்டால் இதுதான் நவீனம் என்கிறார்கள்.

நான் வேலையை விட்டுக் கொஞ்ச காலம் ஆகிறது. எங்கள் பட்டறையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் போன மாதம் ஒரு திரையின் படத்தை அனுப்பி, "அக்கா, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் போன் செய்து, "திட்டினது சரிக்கா. நீங்க எப்படிப் போட்டீங்கன்னு எழுதிக் குடுங்களேன், படிச்சுப் பாக்குறோம்" என்றாள். அவளுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் கெட்டுப் போக மாட்டார்கள்.

என் வேலை இதுதான். வீட்டு மேசை மேல் வைக்கிற அளவுக்குச் சின்ன மில்லிங் மெஷின்கள் இரண்டாயிரத்துக்குப் பிறகு வர ஆரம்பித்தன. சுழலும் கட்டர் மரத்தையோ அலுமினியத்தையோ கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி எடுக்கும். அதை ஓட்ட ஒரு கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குள் ஒரு மென்பொருள். அந்த மென்பொருளோடு வந்த திரையில் பொத்தான்கள் கொட்டிக் கிடக்கும், எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் ஒரே அளவில். ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. அந்தத் திரையைப் பிரித்துப் போட்டுவிட்டு, நமக்கு வேண்டிய மாதிரி புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். பொழுதுபோக்குக்கு மெஷின் வாங்கியவர்களுக்கும், சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஒரு திரை கட்டிக் கொடுப்பது என் வேலை. கொடைக்கானலில் உட்கார்ந்து இதைச் செய்தேன் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகிறார்கள்.

நான் திண்டுக்கல்லில் ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு படித்தேன். பிறகு பழனியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை கோத்தேன். ஒருநாள் ஒருவர் ஸ்விட்சுகளுக்கு மேல் ஒட்டுகிற லேபிள் அடிக்க வந்தார். அவர் கொண்டுவந்த மாதிரியைப் பார்த்து, "நின்னுக்கிட்டுப் பாக்கிறவனுக்கு இது எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். யாரு போட்டுக் குடுத்தது?" என்று கேட்டேன். "நான்தாம்மா" என்றார். மறுவாரமே என்னை வேலைக்குக் கூப்பிட்டார். அவர்தான் தனிஸ்லாஸ் சார். மலையில் ஏரிச் சாலைக்குக் கீழே இறங்கும் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். கீழே சமவெளியில் ஒரு தொழிற்சாலையில் கருவிகள் பழுது பார்த்துவிட்டு வந்தவர்.

சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. போட்டிருந்தால் தேவலாம். வறுத்த கடலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடைத்துத் தின்பார். திரையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. வாடிக்கையாளர் முதல் தடவை திரைக்கு முன்னால் நிற்கும்போது, அதைச் செய்தவர் பேசக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வந்தவர் "இது என்ன?" என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் சார் ஒரு கடலைத் தோலை என் மேசை மேல் சுண்டி எறிவார். வாடிக்கையாளர் போன பிறகு என் மேசையைப் பார்ப்பார். தோல் கிடந்தால், "கூட்டிட்டு மறுபடி போடும்மா" என்பார். அவ்வளவுதான். அந்தத் தோல்களை அவர் மூஞ்சியிலேயே எறிய வேண்டும் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் கைவைப்பதற்கு முன்னால் அட்டையில் செய்ய வேண்டும். இது எங்கள் வழக்கம். திரையின் அளவுக்கே அட்டை வெட்டி, பொத்தான்களைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டி மேலே வைப்போம். வாடிக்கையாளர் அட்டைப் பொத்தானை விரலால் அமுக்குவார். நான் மெஷினைக் கையால் நகர்த்திக் காட்டுவேன். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே துண்டை இடம் மாற்றுவேன். எல்லாம் சரியான பிறகுதான் கம்ப்யூட்டர். தமிழ் எழுத்து வேறு அந்த மென்பொருளில் வராது, பெட்டி பெட்டியாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு பொத்தானையும் அச்சக வேலைக்கு வைத்திருந்த மென்பொருளில் படமாக வரைந்து ஒட்டினேன்.

சில பிடிவாதங்கள் என்னுடையவை. 'இந்த இடமே பூஜ்யம்' என்று ஒரு பொத்தான் உண்டு. 'பூஜ்யத்துக்குப் போ' என்று இன்னொன்று உண்டு. முதலாவதை அமுக்கினால் மெஷின் அசையாது. இரண்டாவதை அமுக்கினால் எங்கே நின்றாலும் கிளம்பிப் போகும், வழியில் இருப்பதை இடித்துக்கொண்டு. வெளிநாட்டுத் திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அதைப் போட்டவன் ஒருநாளும் மெஷின் முன்னால் நின்றிருக்க மாட்டான். என் திரைகளில் ஒன்று மேல் இடது மூலை, மற்றது கீழ் வலது மூலை. சிவப்பு நிறம் நிறுத்தும் பொத்தானுக்கு மட்டும். வேறு எதற்கும் சிவப்பு கேட்டவர்களிடம் சண்டை போட்டேன்.

எல்லாருக்கும் ஒரே திரை ஆகாது என்பதை எனக்குக் காட்டியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பாம்பார்புரம் பக்கம் வீடு. குட்டி நீராவி எஞ்சின் செய்வார். நான் நாலே பொத்தான் வைத்து ஒரு திரை கொண்டுபோனேன். பார்த்துவிட்டு, "ஏம்மா, என்னைப் பாலர் பள்ளியில சேர்த்துட்டியா?" என்றார். அவருக்கு எல்லா எண்ணும் வேண்டும், எல்லா முள்ளும் வேண்டும். விமானம் ஓட்டுகிறவன் முன்னால் இருப்பது போல ஒன்று கட்டிக் கொடுத்தேன். நான் அதைப் பார்த்தாலே தலை சுற்றும். அவர் அதற்கு முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார் என்று அவர் மனைவி என்னைத்தான் திட்டினார்.

இனி காதர் பாய் கடை விஷயத்துக்கு வருகிறேன். எழுதச் சொன்ன பெண்ணுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது.

காதர் பாய் கொடைக்கானல் பஜாரில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருந்தார். காட்டேஜுக்கும் லாட்ஜுக்கும் மரத்தில் பெயர் செதுக்கிக் கொடுப்பார். எங்களிடம் ஒரு சின்ன மெஷின் வாங்கினார். அதை ஓட்ட செல்லையா என்பவரை வைத்தார். செல்லையா அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இளம் வயதில் குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவர். பூம்பாறையில் வெள்ளைப்பூண்டுக் காட்டில் குனிந்து குனிந்து வேலை செய்து முதுகு போய்விட்டது. நின்றுகொண்டு செய்கிற வேலை அவருக்கு இது ஒன்றுதான் கிடைத்தது. தினமும் பூம்பாறைப் பஸ்ஸில் வந்து போனார். நான் போட்டுக் கொடுத்த திரையை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஓட்டினார். என் மேசையில் ஒரு தோல்கூட விழவில்லை.

பாய்க்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. புதிதாகக் கட்டிய ஹோட்டலில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூவின் பெயர். எல்லாம் சில்வர் ஓக் பலகையில் ஆழமாகச் செதுக்க வேண்டும். சீசன் தொடங்குவதற்குள் மாட்டியாக வேண்டும்.

மின்வெட்டு தலைவிரித்து ஆடிய வருஷங்கள் அவை. அதற்கு நாங்கள் ஏற்பாடு செய்திருந்தோம். கம்ப்யூட்டருக்கு ஒரு யு.பி.எஸ். கரண்டு போனதை அதே நொடியில் கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன ரிலே. கரண்டு போனால் வேலை அந்த இடத்திலேயே நிற்கும். வந்ததும் 'தொடரு' பொத்தானை அமுக்கினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பட்டறையில் பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துத்தான் கொடுத்தோம்.

ஆனால் பாய் கடையில் பலகை பலகையாகப் பாழானது. பெயரில் பாதி எழுத்து ஒரு ஆழம், மீதி எழுத்து வேறு ஆழம். நடுவில் படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு. பாய் இரண்டு பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார்.

"பாருங்க சார். தடவிப் பாருங்க. மல்லிகை மலையேறுது, ரோஜா குழியில விழுந்து கெடக்கு. ஹோட்டல்காரர் மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

சார் தடவிப் பார்த்தார். கடலையை எடுத்தார், உடைக்காமல் திரும்பப் பையில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"கரண்டு போறப்பவா பாய்?"

"கரண்டு போறப்பல்லாம்தான். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது சரியா வரலேன்னா மெஷினை வித்துட்டு நான் பழையபடி ஆசாரிகிட்டேயே குடுத்துக்கிறேன். செல்லையாவுக்கும் வேற எடம் பாத்துக்கச் சொல்லியாச்சு."

"அவரு என்ன பண்ணுவாரு?" என்று கேட்டேன்.

"பூண்டுக் காட்டுக்குத்தான் போவாரு. வேற என்ன தெரியும் அந்த மனுசனுக்கு?"

மெஷினைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மோட்டாரை மாற்றினோம். கட்டரை மேலும் கீழும் நகர்த்தும் திருகுக்கம்பியின் இணைப்பை இறுக்கினோம். ரிலேயை மாற்றினோம். பிளக்கைப் பிடுங்கினோம். ஒரு படியும் விழவில்லை. ஒவ்வொரு முறையும் சுத்தமாக வந்தது. திரும்பக் கொண்டுபோய் வைத்தோம். முதல் மின்வெட்டிலேயே செம்பருத்தி பாழ்.

செல்லையா அண்ணனை நானே கேட்டேன். "அண்ணே, கரண்டு போனப்போ கம்ப்யூட்டர்ல எதையாவது அமுக்கினீங்களா?"

"ஐயோ, இல்ல தங்கச்சி. ஒண்ணையும் அமுக்கல. கரண்டு வாற மட்டும் சும்மாதான் நிண்டேன்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. சார் என்னிடம், "கடையில போய் உக்காரும்மா. கரண்டு போற வரைக்கும் பாரு. வாயத் தொறக்காதே" என்றார். வாயைத் திறக்காமல் உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

போய் உட்கார்ந்தேன். வேண்டாத நாளில் எல்லாம் போகும் கரண்டு அன்றைக்குப் போகவே இல்லை. பாய் டீ வாங்கிக் கொடுத்தார். வெளியே பனிமூட்டம் இறங்கி எதிர்க்கடை மறைந்தது, பிறகு தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தாமரை ஓடிக்கொண்டிருந்தபோது போயிற்று.

கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் சுற்றி ஓய்வதற்கு முன்பே செல்லையா அண்ணனின் வலது கை மெஷினின் தலைக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கைச்சக்கரம் உண்டு. மோட்டார் இல்லாமல் கட்டரை ஏற்றி இறக்குவதற்காக வைத்தது. அதைப் பிடித்து வெரசாகச் சுற்றி, கட்டரை மரத்திலிருந்து மேலே தூக்கினார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார். கரண்டு வந்தது. திரும்பி வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றிக் கட்டரை இறக்கினார். 'தொடரு' பொத்தானை அமுக்கினார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

"என்ன தங்கச்சி?"

"அந்த வீலை ஏன் சுத்துனீங்க?"

அவர் தன் கையைப் பார்த்தார். "சுத்துனேனா?"

"ஏத்தினீங்க, எறக்கினீங்க. நான் கண்ணால பாத்தேன்."

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அது ஸ்டோருல பழகின கை, தங்கச்சி."

தேயிலைத் தொழிற்சாலையை அவர்கள் ஸ்டோர் என்பார்கள். பதினாறு வயதிலிருந்து இங்கே வரும்வரை அவர் அங்கே கொழுந்து அரைக்கும் ரோலர் மேசையில் நின்றிருக்கிறார். கொழுந்தை அழுத்துவதற்கு மேலே ஒரு கனத்த மூடி. அதை ஏற்றி இறக்க ஒரு சக்கரம். "எஞ்சின் நிண்டா மொதல் வேலை மூடியைத் தூக்கணும். பாரத்தோட வுட்டா கொழுந்து சூடேறி அவிஞ்சு போயிரும். பொறகு தொரை வந்து குதிப்பாரு. நாம நெனைச்சுச் செய்யற வேலையில்ல அது. எஞ்சின் சத்தம் நிண்டா கை போயிரும்."

கம்ப்யூட்டர் என்ன செய்யும் பாவம். கட்டர் விட்ட இடத்திலேயே இருப்பதாக அது நினைத்துக்கொண்டிருந்தது. இவர் கண்ணால் பார்த்து இறக்கியது ஒருநாள் நூலளவு மேலே, ஒருநாள் நூலளவு கீழே. பட்டறையில் ஏன் படி விழவில்லை என்பதும் புரிந்தது. எங்கள் யாருக்கும் கொழுந்து அரைத்த கை இல்லை.

பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது. "ஏலே செல்லையா, இத்தன பலகையும் உன் கையிலயா போச்சு? நாளையிலேர்ந்து வர வேணாம். போ."

செல்லையா அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் பையைப் பிடுங்கித் திரும்ப ஆணியில் மாட்டினேன்.

"பாய், இவரு போனா அடுத்து வர்ற ஆளு வேற எதையாவது திருகுவான். நாளைக்கு ஒருநாள் பொறுங்க."

"அப்ப அந்த வீலைக் கழட்டி எறிங்க. வீலு இருந்தாத்தானே சுத்துவாரு?"

அது எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கழற்றினோம். மறுநாள் கரண்டு போயிற்று. செல்லையா அண்ணனின் கை போய், சக்கரம் இல்லாத மொட்டைக் கம்பியைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. படி விழவில்லை. ஆனால் கரண்டு வந்ததும் மரத்துக்குள் புதைந்திருந்த கட்டர் அதே இடத்தில் நின்று சுழன்று, நகர ஆரம்பிப்பதற்குள் பலகையைக் கருக்கிவிட்டது. புதிதாகப் போட்ட தாமரை நடுவில் கரிப்பொட்டு. பட்டறையில் நாங்கள் சோதித்தது மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் மேலோட்டமாகக் கீறி, அதில் இது தெரியவே இல்லை. அடுத்த தடவை கட்டர் முறிந்தது.

சார் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வீலு இருந்தா படி. வீலு இல்லேன்னா கரி. எதும்மா வேணும்?"

"ரெண்டும் வேணாம்" என்றேன்.

"அப்ப ஏன் நிக்கிற?"

கோபத்தோடு போய் அட்டையை வெட்டினேன். கட்டரைத் தூக்குவது தப்பில்லை. தூக்கத்தான் வேண்டும். கண்ணால் பார்த்து இறக்குவதுதான் தப்பு. செல்லையா அண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்று சாதித்தார். சண்டை போட்டு ஒரு பலகையில் அவரையே பத்துத் தடவை இறக்கச் சொன்னேன். பத்தும் பத்து ஆழம். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சத்துல அப்பிடித்தான்" என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை.

ஆகவே அந்தக் கைக்கு ஏற்ற மாதிரி ஒரு திரை போட்டேன். கரண்டு போன நொடியில் வழக்கமான திரை மறைந்துவிடும். முழுவதும் மஞ்சள். நடுவில் பெரிய எழுத்தில், 'கரண்டு போச்சு. தூக்குங்க.' வேறு எதுவும் கிடையாது. கரண்டு வந்ததும் ஒரே ஒரு பொத்தான்: 'உயரம் பார்.' மெஷின் மேசையின் ஓரத்தில் ஒரு பித்தளைத் தகட்டை வைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினால், கட்டர் தகட்டுக்கு மேலே போய் மெதுவாக இறங்கும். தகட்டைத் தொட்டதும் ஒரு சின்ன மின்சுற்று கூடி, உண்மையான உயரம் கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். அதுவரை 'தொடரு' பொத்தான் திரையில் இருக்கவே இருக்காது. உயரம் தெரிந்த பிறகு, ஸ்பிண்டில் காற்றில் சுழன்று வேகம் பிடித்த பின்புதான் கட்டர் மரத்துக்குள் இறங்கும். கரியும் இல்லை, படியும் இல்லை.

சக்கரத்தை மறுபடி மாட்டினோம். செல்லையா அண்ணனைத் திரை முன்னால் நிறுத்தினோம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பாய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

கை போனது, தூக்கியது. மஞ்சள் திரையைப் பார்த்து, "தூக்கியாச்சு, இனிமேதான் சொல்றியா?" என்று அதைக் கேலி செய்தார். பாய் சுவிட்சைப் போட்டார். 'உயரம் பார்' வந்தது. செல்லையா அண்ணன் குனிந்து, ஒரு கண்ணை மூடி, கட்டரின் உயரத்தைப் பார்த்தார். "பாத்துட்டேன். பொறகு என்ன செய்ய தங்கச்சி?"

என் காலடியில் ஒரு கடலைத் தோல் விழுந்தது. சார் அதை எங்கிருந்து எறிந்தார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பொத்தானிலிருந்து எழுத்தை எடுத்தேன். அந்தப் பித்தளைத் தகட்டையே போட்டோ பிடித்து, அந்தப் படத்தையே பொத்தானாக்கினேன். தகட்டில் இருந்த கீறல்கூடப் படத்தில் தெரிந்தது. மறுபடி நிறுத்தினோம். படத்தைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தகட்டைத் தேடி எடுத்து வைத்தது. அமுக்கினார். கட்டர் இறங்கித் தொட்டது, 'தொடரு' வந்தது, அமுக்கப் போனார். தகடு இன்னும் மேசை மேலேயே இருந்தது. கட்டர் போகிற வழியில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சார்தான் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். தோல் எறியவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

'தகட்டை எடுங்க' என்று எழுதிப் போடலாம் என்று முதலில் நினைத்தேன். வேலை மும்முரத்தில் யார் படிப்பார்கள்? மெஷின் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்தேன். கொக்கிக்குப் பின்னால் ஒரு குட்டிச் சுவிட்ச். தகட்டைத் திரும்பக் கொக்கியில் மாட்டினால்தான் 'தொடரு' திரைக்கு வரும். மாட்டாவிட்டால் அந்தப் பொத்தான் உலகத்திலேயே கிடையாது. மூன்றாவது தடவை செல்லையா அண்ணன் தூக்கினார், வைத்தார், அமுக்கினார், மாட்டினார், ஓட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. சார் கடலையை உடைத்துத் தானே தின்றார்.

ஆனால் சுவிட்சை நாமே இறக்கிப் பார்ப்பது ஒன்று, நிஜமாகக் கரண்டு போவது வேறு. ஹோட்டல்காரர்கள் பலகைகளை எடுத்துப் போக ஜீப் அனுப்பிய அன்று கடைசிப் பலகை ஓடிக்கொண்டிருந்தது. செங்காந்தள். கடையில் அந்த அளவுக்கு நல்ல பலகை வேறு மிச்சமில்லை. இது போனால் ஆர்டரும் போகும் என்று பாய் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். ஜீப்பில் வந்த மேனேஜர் வாசலில் நின்று, "இன்னும் முடியலையா பாய்? ஓனர் மேலே காத்துட்டு இருக்காரு" என்று நச்சரித்தார்.

போயிற்று. 'ந்' எழுத்தின் சுழியில்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செல்லையா அண்ணனின் கை போனது, தூக்கியது. கடையே இருட்டில் இருக்க அந்த மஞ்சள் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "கரண்டு போச்சு, தூக்குங்கன்னு போட்டிருக்கே, எதைத் தூக்கணும்?" என்று கேட்டார்.

"ஒங்க வாயை" என்றார் செல்லையா அண்ணன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கரண்டு வந்தது. வைத்தார், அமுக்கினார், மாட்டினார். ஸ்பிண்டில் காற்றில் சுழன்று வேகமெடுத்து, மெதுவாக இறங்கி, சுழியின் மீதியை முடித்து, 'த'வுக்கும் 'ள்'ளுக்கும் போனது. முடிந்ததும் பாய் தூசியைத் துடைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எழுத்துக்களுக்குள் விரலை விட்டுத் தடவினார். முதலிலிருந்து கடைசிவரை. மறுபடியும்.

"எங்கேம்மா நின்னுச்சு?"

எனக்குத் தெரியும், 'ந்' எழுத்தில். ஆனால் தடவினால் எனக்கும் தெரியவில்லை. செல்லையா அண்ணனும் தடவிப் பார்த்தார். "எங்கயோ நிண்டுச்சு பாய். அத இப்ப எதுக்குத் தேடுறீங்க?"

பாய் பலகையை மேனேஜரிடம் கொடுத்தார். திரும்பி, "செல்லையா, நாளைக்கு வெள்ளனே வந்துரு. பழனியில ஒரு லாட்ஜுக்காரர் கேட்டிருக்காரு" என்றார். வேறு ஒரு மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்லையா அண்ணனும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. "மொதல் பஸ்ஸுல வாறேன்" என்றார்.

அந்த மஞ்சள் திரையைப் பிறகு நாங்கள் விற்ற எல்லா மெஷினிலும் போட்டோம். மின்வெட்டு இல்லாத ஊர்க்காரர்கள்கூட வேண்டும் என்று கேட்டார்கள். ரயில்வே பெரியவர் மட்டும் தனக்கு அதிலும் இன்னும் நாலு எண் வேண்டும் என்றார். போட்டுக் கொடுத்தேன்.

இரண்டாயிரத்தில் தொடங்கிய அந்தப் பத்தாண்டின் கடைசியில், பிளாஸ்டிக் நூலை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள் செய்யும் பிரிண்டர்களை ஆர்வக்காரர்கள் வீட்டிலேயே கோத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சார் ஒன்றைத் துண்டு துண்டாக வரவழைத்தார். திரை என்று பேர் சொல்ல ஒன்றும் அதில் இல்லை. நாங்கள் அதை மாட்டி முடித்த அன்று பாயும் செல்லையா அண்ணனும் பார்க்க வந்தார்கள். சூடான முனை நகர்ந்து நகர்ந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எழுப்பிக்கொண்டிருந்தது. பாய் வாயைப் பிளந்து நின்றார். எவ்வளவு நேரம் ஆகும், என்னென்ன செய்யலாம், சாக்லேட்டுக்கு அச்சு வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

செல்லையா அண்ணன் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை. மெஷினைச் சுற்றி வந்து, எங்காவது ஒரு சக்கரம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பிறகு என்னிடம் வந்தார்.

"ஏன் தங்கச்சி, இதுல கரண்டு போனா என்ன காட்டும்?"

"இப்போதைக்கு ஒண்ணும் காட்டாதுண்ணே. அப்படியே நின்னுரும். செஞ்சதெல்லாம் வீண்."

அவர் என் மேசைப் பக்கம் போய், அங்கே கிடந்த புது அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அப்ப உங்களுக்குச் சோலி கெடக்கு."